மவுஸ் பிடித்து மலை ஏறலாம்: நீலகிரி பயணத்தை கம்ப்யூட்டரில் திட்டமிடுவது எப்படி?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதம் படம் பார்க்கிறார்கள். இரண்டாவது மாதம் விளையாடுகிறார்கள். மூன்றாவது மாதம், "இதை வைத்து வீட்டிற்கு உருப்படியாக என்ன செய்யலாம்?" என்று கேட்கத் தொடங்குகிறார்கள். அவர்களுக்கான பயிற்சி இது. கோடை விடுமுறையில் குடும்பத்துடன் நீலகிரி சென்று வர ஒரு பயணத் திட்டத்தை நம் கம்ப்யூட்டரிலேயே தயாரிக்கப் போகிறோம். இதைச் செய்து முடிக்கும்போது போல்டர் அமைப்பது, பிரவுசரில் முகவரியைப் படிப்பது, எக்ஸெல்லில் தேதிக் கணக்கு போடுவது, மேப்பில் பாதையை மாற்றுவது, பக்கத்தை பி.டி.எப். ஆகச் சேமிப்பது ஆகிய ஐந்து வேலைகளும் கைக்கு வந்துவிடும்.

முதலில் ஒரு சிறு அனுபவம். சில ஆண்டுகளுக்கு முன் என் மைத்துனர் முதுமலையில் காட்டுக்குள் தங்க வேண்டும் என்ற ஆசையில் இன்டர்நெட்டில் தேடினார். முதலில் வந்த தளத்தில் யானைப் படமும் அரசு முத்திரை போன்ற ஒன்றும் இருந்தன. நான்காயிரம் ரூபாய் முன்பணம் கட்டினார். ரசீதும் மெயிலில் வந்தது. மனைவி, இரண்டு குழந்தைகளுடன் மாலை ஐந்தரை மணிக்கு தெப்பக்காட்டில் போய் நின்றால், பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. இருட்டுவதற்குள் கூடலூர் திரும்பி, கிடைத்த லாட்ஜில் தங்கினார்கள். போன பணம் வரவில்லை. அவர் செய்த தவறு ஒன்றே ஒன்றுதான். தளத்தைப் பார்த்தார், அதன் முகவரியைப் படிக்கவில்லை.

அந்தத் தவறை நாம் செய்யாமல் இருக்க, படிப்படியாகப் போகலாம்.

எங்கெல்லாம் தங்கலாம்?

கம்ப்யூட்டரில் தேடுவதற்கு முன், எதைத் தேடுகிறோம் என்று தெரிய வேண்டும். நீலகிரியில் தங்கும் இடங்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

1. வனத்துறை ஓய்வு இல்லங்கள்: முதுமலை 1940ல் வனவிலங்கு சரணாலயமாகவும் 2007ல் புலிகள் காப்பகமாகவும் ஆனது. இதன் மையப் பகுதி மட்டும் 321 சதுர கிலோமீட்டர். தெப்பக்காடு, அபயாரண்யம், கார்குடி, மசினகுடி ஆகிய இடங்களில் வனத்துறையின் ஓய்வு இல்லங்களும், குழுவாகச் செல்பவர்களுக்கான டார்மிட்டரிகளும் உள்ளன. 2023ல் ஆஸ்கார் விருது பெற்ற 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படம் எடுக்கப்பட்டது இந்த தெப்பக்காடு யானைகள் முகாமில்தான். அறைகள் குறைவு, கேட்பவர்கள் அதிகம்.

2. அரசு சுற்றுலா விடுதிகள்: தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஓட்டல் தமிழ்நாடு' ஊட்டியில் உள்ளது. கழகத்தின் இணைய தளத்திலேயே அறை பதிவு செய்யலாம்.

3. ரயில்வே தங்கும் அறைகள்: உதகமண்டலம் ரயில் நிலையத்தில் உள்ளவை. ரயில் டிக்கெட்டின் பி.என்.ஆர். எண் இருந்தால்தான் இவற்றைப் பதிவு செய்ய முடியும். எனவே டிக்கெட் முதலில், அறை பிறகு.

4. தனியார் விடுதிகளும் எஸ்டேட் பங்களாக்களும்: குன்னூர், கோத்தகிரி பக்கம் பழைய தேயிலைத் தோட்ட பங்களாக்கள் வாடகைக்கு விடப்படுகின்றன.

கூடாரம் போட்டு தங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அமெரிக்காவின் பூங்காக்களில் உள்ளது போல, வண்டியை நிறுத்தி நாமே கூடாரம் அடித்துக் கொள்ளும் இடம் முதுமலையில் கிடையாது. புலியும் யானையும் நடமாடும் காப்பகத்தில் அனுமதியின்றி நுழைவதும் தீ மூட்டுவதும் குற்றம். "காட்டுக்குள் கேம்ப் பயர், டென்ட்" என்று விளம்பரம் வந்தால் அது யாருடைய நிலம், யார் அனுமதி தந்தது என்று கேளுங்கள். சீகூர் பகுதியில் யானைகள் செல்லும் வழித்தடத்தை மறித்துக் கட்டப்பட்ட விடுதிகள் குறித்த வழக்கில், வழித்தடத்தை அறிவித்த தமிழக அரசின் ஆணை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அதற்கு முன் 2018லேயே பல விடுதிகள் சீல் வைக்கப்பட்டன. கட்டடம் பூட்டப்பட்டாலும் அதன் படங்களும் விளம்பரமும் இன்டர்நெட்டில் அப்படியே இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

பயிற்சி 1: ஒரு போல்டர் அமைத்திடுங்கள்

டெஸ்க்டாப்பில் காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்திடுங்கள். கிடைக்கும் மெனுவில் நியூ, அடுத்து போல்டர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பெயரை 'நீலகிரி' என்று தமிழிலேயே வைக்கலாம். தமிழில் டைப் செய்ய விண்டோஸ் செட்டிங்ஸ் சென்று, டைம் அண்ட் லாங்குவேஜ் பிரிவில் தமிழ் மொழியைச் சேர்த்திடுங்கள். தமிழ்99, ஒலிப்பு முறை என இரண்டு கீ போர்டு அமைப்புகளும் அங்கே கிடைக்கும். விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பார் தட்டினால் தமிழும் ஆங்கிலமும் மாறி மாறி வரும்.

இனி டிக்கெட், ரசீது, மேப் என எது வந்தாலும் இந்த ஒரே போல்டரில்தான் சேமிக்க வேண்டும். கிளம்பும் நாள் காலையில் டவுண்லோட் போல்டரைக் குடைந்து கொண்டிருக்கக் கூடாது அல்லவா?

பயிற்சி 2: முகவரியைப் படிக்கக் கற்றுக் கொள்ளுங்கள்

பிரவுசரைத் திறந்து, தேடுபொறியில் 'முதுமலை தங்கும் விடுதி' என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். வரும் முடிவுகளில் முதல் இரண்டு மூன்றின் தலையில் 'ஸ்பான்சர்டு' என்று சிறிய எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பணம் கொடுத்து மேலே வைக்கப்பட்ட விளம்பரம். மேலே இருப்பதால் அது சிறந்தது என்றோ, உண்மையானது என்றோ பொருள் இல்லை.

ஒரு தளத்திற்குள் நுழைந்தவுடன், மேலே உள்ள அட்ரஸ் பாரைப் பாருங்கள். முகவரியில் வரும் முதல் ஒற்றைச் சாய்கோடு வரை மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள். (தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.) அந்தப் பகுதியை வலமிருந்து இடமாகப் படியுங்கள். வலது ஓரத்தில் இருப்பதுதான் தளத்தின் உண்மையான சொந்தப் பெயர். இடது பக்கம் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சேர்த்துக் கொள்ளலாம். வீட்டு வாசலில் 'கலெக்டர்' என்று பலகை மாட்டிக் கொள்வது போலத்தான் அது. முகவரியின் இடது பக்கத்தில் முதுமலை, தமிழ்நாடு, அரசு என்றெல்லாம் இருந்து, வலது ஓரத்தில் நாம் கேள்விப்படாத ஒரு பெயர் இருந்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

"அரசுத் தளம் என்றால் 'கவ் டாட் இன்' அல்லது 'என்ஐசி டாட் இன்' என்று முடியும்" என்று படித்திருப்பீர்கள். பாதி உண்மை. நீலகிரி மாவட்ட நிர்வாகத்தின் தளம் 'நீல்கிரிஸ் டாட் என்ஐசி டாட் இன்' என்றுதான் உள்ளது. ஆனால் ரயில் டிக்கெட் தரும் ஐ.ஆர்.சி.டி.சி. தளம் 'கோ டாட் இன்' என்று முடிகிறது. தமிழக அரசின் இ-பாஸ் தளமோ 'டிஎன்இஜிஏ டாட் ஓஆர்ஜி' என்று முடிகிறது. இவையும் உண்மையானவையே. எனவே கடைசி எழுத்துக்களை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது.

பிறகு எப்படித்தான் அறிவது? தெரிந்த வாசல் வழியாக நுழையுங்கள். மாவட்ட நிர்வாகத்தின் தளம் நமக்கு உறுதியாகத் தெரியும். அதில் சுற்றுலா பக்கத்தையும் துறை அலுவலகங்களின் தொலைபேசி எண்களையும் பார்க்கலாம். முதுமலை புலிகள் காப்பகத்திற்கென்று தனி இணைய தளமும் ஆன்லைன் பதிவும் உள்ளன. தேடுபொறியில் கிடைத்த முகவரி சரியானதுதானா என்று காப்பக அலுவலகத்தை ஒரு முறை அழைத்துக் கேட்டுவிட்டால் சந்தேகமே இல்லை. உறுதியான பின், கண்ட்ரோல் கீயுடன் டி தட்டி அந்தப் பக்கத்தை புக்மார்க் செய்திடுங்கள். அடுத்த முறை தேடவே வேண்டாம்.

மேலும் மூன்று எச்சரிக்கைகள்:

* அட்ரஸ் பாரில் பூட்டுப் படம் இருந்தால், உங்களுக்கும் அந்தத் தளத்திற்கும் இடையே செல்லும் தகவலை வேறு யாரும் படிக்க முடியாது என்று மட்டுமே பொருள். தளத்தை நடத்துபவர் நல்லவர் என்று பொருள் இல்லை. திருடனும் பூட்டு வாங்கலாம்.

* யு.பி.ஐ. மூலம் பணம் செலுத்தும்போது, ரகசிய எண் கேட்பதற்கு முன்பாகவே பெறுபவர் பெயர் திரையில் தெரியும். வனத்துறைக்கோ சுற்றுலாக் கழகத்திற்கோ கட்டும் பணத்திற்கு ஒரு தனி மனிதரின் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

* பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. "முன்பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம், எண்ணை டைப் செய்யுங்கள்" என்றால் அது மோசடி. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக் கொண்டு இருக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். விரைவாகச் சொன்னால், பணம் கை மாறுவதற்கு முன் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

பயிற்சி 3: எக்ஸெல்லில் ஒரு காலக் கணக்கு

நீலகிரி பயணத்தில் தோற்பவர்கள் பெரும்பாலும் பணத்தில் தோற்பதில்லை, தேதியில் தோற்கிறார்கள். எனவே இதுதான் இன்றைய முக்கிய பாடம். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம்.

சென்னையில் இருந்து செல்லும் ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். மே 8 அன்று மேட்டுப்பாளையத்தில் இருந்து காலை மலை ரயிலில் ஊட்டி செல்ல வேண்டும். முதல் இரவு ஊட்டி, அடுத்த இரவு தெப்பக்காடு, மூன்றாவது இரவு குன்னூர். மே 11 அன்று பிற்பகல் குன்னூரில் மலை ரயில் ஏறி இறங்க வேண்டும்.

ஐந்து நெடுவரிசைகளுக்குத் தலைப்பு கொடுங்கள்: பணி, தேவைப்படும் நாள், எத்தனை நாள் முன், செய்ய வேண்டிய நாள், முடிந்ததா. முதல் வரி தலைப்பு என்பதால் தகவல் இரண்டாம் வரியில் தொடங்கும்.

ரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் பயண நாளுக்கு 60 நாட்கள் முன்பாகத் திறக்கிறது. அதற்கு முன் 120 நாட்களாக இருந்தது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு நான்கு மாதம் முன்பே தேடாதீர்கள். இரண்டாம் வரியில் 'மலை ரயில்' என்றும், அடுத்த கட்டத்தில் மே 8 தேதியையும், மூன்றாவது கட்டத்தில் 60 என்றும் டைப் செய்திடுங்கள். நான்காவது கட்டத்தில் =பி2-சி2 என்று அமைத்து என்டர் தட்டுங்கள். (செல் பெயர்களில் வரும் எழுத்துக்களை ஆங்கிலத்தில்தான் தர வேண்டும்.) விடை மார்ச் 9 என வரும். விடைக்குப் பதில் ஏதோ ஐந்து இலக்க எண் வந்தால் பயப்பட வேண்டாம். எக்ஸெல் தேதிகளை உள்ளுக்குள் நாள் எண்ணிக்கையாகத்தான் வைத்திருக்கிறது. அந்த செல்லை ரைட் கிளிக் செய்து, பார்மட் செல்ஸ் பிரிவில் டேட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் தேதியாக மாறிவிடும்.

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. நாம் நாளை முன்னும் மாதத்தைப் பின்னும் எழுதுவோம். பல கம்ப்யூட்டர்கள் அமெரிக்க முறைப்படி அமைக்கப்பட்டு வருகின்றன. அதில் மாதம் முன்னால் வரும். நீங்கள் மே 8 என நினைத்து 08/05 என்று டைப் செய்தால் கம்ப்யூட்டர் அதை ஆகஸ்ட் 5 என்று எடுத்துக் கொள்ளும். அதிலிருந்து 60 நாட்களைக் கழித்து ஜூன் 6 என்று விடை சொல்லும். நீங்களும் நம்பி ஜூன் மாதம் வரை காத்திருப்பீர்கள். பயண நாளோ மே மாதமே போயிருக்கும்! கம்ப்யூட்டர் எந்தப் பிழைச் செய்தியும் காட்டாது. அதன் கணக்கு சரி. நாம் கேட்ட கேள்விதான் தவறு.

இதைத் தவிர்க்க இரண்டு வழிகள். விண்டோஸ் செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ், அடுத்து ரீஜன் சென்று, பார்மட் என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து, தேதி செல்களில் மாதத்தின் பெயர் எழுத்தில் தெரியும்படி பார்மட் அமைத்திடுங்கள். ஆகஸ்ட் என்று கண்ணில் பட்டால் தவறு உடனே தெரிந்துவிடும். இன்னொரு அடையாளமும் உண்டு. எக்ஸெல் புரிந்து கொண்ட தேதி செல்லின் வலது பக்கம் ஒட்டி நிற்கும். புரியாமல் வெறும் எழுத்தாக எடுத்துக் கொண்டது இடது பக்கம் ஒட்டி நிற்கும்.

இப்போது மற்ற பணிகளை அடுத்தடுத்த வரிகளில் சேர்த்திடுங்கள். நான்காவது நெடுவரிசையில் மட்டும் மீண்டும் டைப் செய்ய வேண்டாம். டி2 செல்லைத் தேர்ந்தெடுத்து, அதன் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால் பார்முலா தானாக நகலாகும்.

* சென்னை - மேட்டுப்பாளையம் நீலகிரி எக்ஸ்பிரஸ்: இது இரவு ரயில். மே 8 காலை மேட்டுப்பாளையம் சேர, மே 7 இரவு ஏற வேண்டும். எனவே தேவைப்படும் நாள் மே 7. முன்பதிவு திறப்பது மார்ச் 8. மலை ரயிலுக்கு ஒரு நாள் முன்பாக! இரண்டும் ஒரே நாளில் திறக்கும் என்று நினைத்து இதைத் தவறவிடுபவர்கள் பலர்.

* திரும்பும் மலை ரயில்: மே 11. திறப்பது மார்ச் 12. திரும்பும் சென்னை ரயிலையும் அன்றே மேட்டுப்பாளையத்தில் ஏறுவதாக இருந்தால் அதற்கும் இதே நாள்தான்.

* முதுமலை ஓய்வு இல்லம்: மே 9 இரவுக்கு. எத்தனை நாள் முன்பாகப் பதிவு திறக்கிறது என்று காப்பகத் தளத்தில் உள்ள நாட்காட்டியில் பார்த்து, அந்த எண்ணை மூன்றாவது கட்டத்தில் கொடுங்கள்.

* வானிலை பார்த்தல்: 3 நாள் முன். அதாவது மே 5.

முடிந்ததும், தகவல் உள்ள பகுதியைத் தேர்ந்தெடுத்து, டேட்டா மெனுவில் சார்ட் சென்று, 'செய்ய வேண்டிய நாள்' படி வரிசைப்படுத்துங்கள். எந்த வேலை முதலில் என்று கம்ப்யூட்டரே அடுக்கித் தரும். அதைப் பிரிண்ட் எடுத்து சமையலறைக் காலண்டர் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

மலை ரயில் டிக்கெட் பதிவு செய்யும்போது

மேட்டுப்பாளையம் - ஊட்டி இடையே 46 கிலோமீட்டர். 1899ல் குன்னூர் வரையும் 1908ல் ஊட்டி வரையும் ரயில் ஓடத் தொடங்கியது. கல்லாறு - குன்னூர் இடையே தண்டவாளங்களுக்கு நடுவே பல் சக்கரப் பாதை உள்ளது. ஏறக்குறைய 12 அடி சென்றால் 1 அடி உயரம் ஏறும் அளவு சரிவு. 2005ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. பெட்டிகள் சில மட்டுமே என்பதால் கோடையில் டிக்கெட் நொடியில் தீர்ந்துவிடும்.

ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் முன்பே கணக்கு தொடங்கி, ஆதார் எண்ணைச் சரிபார்த்து வையுங்கள். 2025 அக்டோபர் முதல், முன்பதிவு திறந்தவுடன் வரும் தொடக்க நேரம் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டுள்ளது. முன்பதிவு காலை 8 மணிக்குத் திறக்கும். பத்து நிமிடம் முன்பாகவே லாக் இன் ஆகுங்கள். பயணிகள் பெயர், வயது விவரங்களை 'மாஸ்டர் லிஸ்ட்' பகுதியில் முதல் நாளே பதிந்து வைத்தால் டைப் செய்யும் நேரம் மிச்சம். சேரும் இடத்தில் 'ஊட்டி' என்பதைத் தேடாமல் உதகமண்டலம் என்று தேர்ந்தெடுங்கள்.

காத்திருப்போர் பட்டியலில் கிடைத்த இ-டிக்கெட் கடைசி வரை உறுதியாகவில்லை என்றால் தானாக ரத்தாகி பணம் திரும்பும். அதை வைத்துப் பயணம் செய்ய முடியாது. அந்த நிலையில் மேட்டுப்பாளையத்தில் இருந்து பஸ்ஸில் குன்னூர் சென்று, அங்கிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போகலாம். குன்னூர் - ஊட்டி இடையே தினமும் கூடுதலாகச் சில ரயில்கள் ஓடுகின்றன. குழந்தைகளுக்கு ரயிலும் கிடைத்தது; நமக்கு திட்டமும் கெடவில்லை.

சொந்தக் காரில் செல்பவர்களுக்கு இ-பாஸ்

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025 கோடையில் ஒரு படி மேலே சென்று, நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்ற உச்ச வரம்பும் வந்தது. உள்ளூர் பதிவெண் வாகனங்களுக்கும் அரசு பஸ், ரயிலில் செல்பவர்களுக்கும் இ-பாஸ் தேவைப்படவில்லை. விதிகள் சீசனுக்கு சீசன் மாறக் கூடும் என்பதால் இ-பாஸ் தளத்தில் அவ்வப்போதைய அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இ-பாஸ் பெறுவது இலவசம். வண்டி எண், பயணிகள் எண்ணிக்கை, தங்கும் இடம், வரும் போகும் நாட்கள் ஆகியவற்றைக் கொடுத்தால் போதும். "இ-பாஸ் எடுத்துத் தருகிறோம், 300 ரூபாய்" என்பவர்களை நம்ப வேண்டாம். எக்ஸெல் பட்டியலில் இதற்கு ஒரு வரி சேர்த்து, 20 நாள் முன் என்று வைத்திடுங்கள். மே 8 என்றால் ஏப்ரல் 18.

பயிற்சி 4: மேப் சொல்வதெல்லாம் சரியா?

பிரவுசரில் கூகுள் மேப்ஸ் திறந்து ஊட்டியில் இருந்து தெப்பக்காட்டிற்கு வழி கேளுங்கள். கல்லட்டி வழியாகச் செல்லும் 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட குறுக்குப் பாதையை மேப் காட்டலாம். தூரம் சுமார் 36 கிலோமீட்டர்தான். ஆனால் செங்குத்தான இந்தச் சாலையில் பழக்கமில்லாத ஓட்டுநர்களின் வண்டிகள் பிரேக் சூடாகி பலமுறை கவிழ்ந்துள்ளன. அதனால் வெளியூர் வண்டிகள் இந்த வழியில் இறங்கத் தடை உள்ளது. கூடலூர் வழி சுமார் 65 கிலோமீட்டர். நேரம் கூடுதல், நிம்மதியும் கூடுதல்.

மேப்பில் பாதையை மாற்றுவது எளிது. நீல நிறக் கோட்டின் மீது மவுஸை வைத்து, இடது பட்டனை அழுத்தியபடி கூடலூர் வரை இழுத்துச் சென்று விடுங்கள். பாதை மாறி, புதிய தூரமும் நேரமும் தெரியும். மலைச் சாலையில் மேப் சொல்லும் நேரத்துடன் தேநீர், தலைசுற்றல், குரங்கு வேடிக்கை எல்லாவற்றிற்கும் சேர்த்து ஒரு மணி நேரம் கூட்டிக் கொள்ளுங்கள். இருட்டுவதற்குள் ஓய்வு இல்லம் சேர்ந்தாக வேண்டும். மைசூர் பக்கமிருந்து வருபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பந்திப்பூர் காட்டுச் சாலையில் 2009 முதல் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துத் தடை உள்ளது. காட்டைக் கடக்கும் விலங்குகள் வண்டிகளில் அடிபட்டு இறந்ததால் வந்த தடை இது.

தனியார் விடுதி ஒன்றைப் பதிவு செய்யும் முன், அதன் பெயரை மேப்பில் தேடி, சாட்டலைட் தோற்றத்தில் பாருங்கள். 'ஊட்டி அருகில்' என்று விளம்பரம் செய்த பங்களா, ஊட்டியில் இருந்து 25 கிலோமீட்டர் தள்ளி ஒரு தேயிலைத் தோட்டத்தின் மண் சாலை முடிவில் இருப்பதைக் காணலாம். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் உடன் வந்தால், தரைத்தள அறை உண்டா, கார் வாசல் வரை வருமா என்று போனில் கேட்டு, பதிலை மெயிலில் எழுதி வாங்குங்கள்.

எந்த மாதம் செல்வது?

மே மாதம் ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சியும், 1874ல் அமைந்த குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சியும் நடக்கும். கூட்டமும் அதே அளவு இருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் காடு காய்ந்து கிடக்கும். காட்டுத் தீ அபாயத்தால் முதுமலையில் பயணிகளை அனுமதிக்காமல் மூடுவதும் உண்டு. ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சி பக்கம் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி பக்கத்தைத் தாக்கும். 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மலை ரயில் பாதையில் மண் சரிந்து ரயில் ரத்தாவதும் இந்த மாதங்களில்தான் அதிகம். ரயில்வே ரத்து செய்தால் இ-டிக்கெட் பணம் தானாகத் திரும்பிவிடும். அறைப் பணம் அப்படி அல்ல. எனவே மழைக் காலத்தில் செல்பவர்கள், ரத்து செய்தால் பணம் தரும் அறைகளையே தேர்ந்தெடுங்கள். கிளம்பும் முன் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தளத்தில் நீலகிரி மாவட்டத்திற்கு ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை உள்ளதா என்று பார்ப்பது கட்டாயம்.

பயிற்சி 5: பி.டி.எப். ஆகவும் காகிதமாகவும்

ஒவ்வொரு டிக்கெட், ரசீது, இ-பாஸ் பக்கத்திலும் கண்ட்ரோல் கீயுடன் பி தட்டுங்கள். பிரிண்டர் பட்டியலில் 'சேவ் அஸ் பி.டி.எப்.' என்பதைத் தேர்ந்தெடுத்து, நம் நீலகிரி போல்டரில் சேமித்திடுங்கள். பைலின் பெயரில் தேதியை முன்னால் வைத்தால் பயண வரிசைப்படியே அடுக்கி நிற்கும். எடுத்துக்காட்டாக, '05-08 மலை ரயில்', '05-09 தெப்பக்காடு'. இங்கே மட்டும் மாதத்தை முன்னால் எழுதுகிறோம் என்பதைக் கவனியுங்கள். நாளை முன்னால் எழுதினால், வெவ்வேறு மாதங்களில் செல்லும் பயணங்களின் பைல்கள் கலந்துவிடும்.

பிறகு எல்லாவற்றையும் ஒரு பிரதி பிரிண்ட் எடுங்கள். காட்டுக்குள் போனில் சிக்னல் கிடைக்காத இடங்கள் பல. போனிலேயே வைத்திருக்கிறேன் என்பவர், மெயிலைத் திறக்க முடியாமல் வரவேற்பு அறை முன் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பதிவு செய்த பெயரில் உள்ள அடையாள அட்டையின் அசலையும் அதே உறையில் வையுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் எவர்சில்வர் பாட்டில்களையும் மறக்காதீர்கள்.

வீட்டுப் பாடம்

இந்த வாரமே உங்கள் கம்ப்யூட்டரில் போல்டரைத் தொடங்கி, எக்ஸெல் பட்டியலில் உங்கள் ஊருக்கும் உங்கள் விடுமுறைக்கும் ஏற்ற தேதிகளை இட்டுப் பாருங்கள். விடைகளை ஒரு முறை சுவர் காலண்டரில் விரலால் எண்ணிச் சரி பாருங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால் கம்ப்யூட்டரை நம்பலாம். வராவிட்டால் ரீஜன் செட்டிங்ஸைப் பாருங்கள்.

என் மைத்துனர் அடுத்த ஆண்டு இதே முறையில் திட்டமிட்டார். தளத்தின் முகவரியை அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்து கொண்டு, பட்டியல் சொன்ன நாளில் பதிவு செய்தார். இந்த முறை தெப்பக்காட்டுப் பதிவேட்டில் அவர் பெயர் இருந்தது. மாயாற்றில் யானைகள் குளிப்பதைக் குழந்தைகள் பார்த்தார்கள். பிரிண்ட் எடுத்த அந்தப் பட்டியல் இன்னும் அவர் வீட்டுப் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.